கண்ணாடி இறக்காத அண்ணாச்சி

வியர்ப்பதற்கென்று ஒரு பரிசு வைத்தால், திருநெல்வேலி மாவட்டத்தில் அது எங்கள் அலுவலக வேன் ஓட்டுநரைத் தாண்டி வேறு யாருக்கும் போகாது. ஏசி செத்துப்போன வேனை, சித்திரை வெயிலில், எல்லாக் கண்ணாடிகளையும் உச்சி வரை ஏற்றிவிட்டு ஓட்டியவர் அவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் அப்போது வேலை பார்த்த தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் கண்ணாடி அண்ணாச்சிதான். மூக்கில் கண்ணாடி கிடையாது.

எல்லாம் சென்னை செய்த வேலை. அங்கே அவர் கால்டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தபோது, சிக்னலில் ஒருவன் ஜன்னலைத் தட்டி, "அண்ணே, முன்னாடி ஆயில் ஒழுகுது" என்றிருக்கிறான். இறங்கிக் குனிந்து பார்த்தார். ஆயில் ஒழுகவில்லை. நிமிர்ந்தால் பயணியின் பையும் இவருடைய செல்போனும் இல்லை. கார் முதலாளி அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு இந்த வித்தைகளில் அவர் தனிப் படிப்பே படித்துவிட்டார். நோட்டுகளைச் சிதறவிட்டு "உங்க பணமா பாருங்க" என்பவன், வண்டி படாமலே காலைப் பிடித்துக்கொண்டு உருளுபவன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். "கண்ணாடியில முட்டைய அடிப்பான். வைப்பர மட்டும் போட்டுராதிய. போட்டா ஆம்லெட்தான், ரோடே தெரியாது."

சிக்கல் என்னவென்றால், இது திருநெல்வேலி. எங்கள் ஊர்ச் சாலையில் யாரும் சும்மா போவதில்லை. ஸ்டாண்டு எடுக்கவில்லை, துப்பட்டா சக்கரத்தில் சிக்கப் போகிறது, பகலில் லைட் எரிகிறது என்று ஏதாவது ஒன்றை உங்களிடம் கத்திச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் ஸ்கூட்டர் வாங்கிய முதல் வாரம், பாதிப் பாளையங்கோட்டை என் ஸ்டாண்டைப் பற்றிக் கவலைப்பட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவளும் நான்தான், முதலில் வண்டி வாங்கியவளும் நான்தான். அதனால் அந்தக் கவலையை எனக்குச் செய்யும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். அண்ணாச்சிக்கு அவர்கள் அத்தனை பேரும் திருட்டுக் கும்பல்.

ஒருமுறை பின்டயரில் காற்று இல்லை என்று மூன்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். டயர் கிழிந்து நார்நாராகும் வரை ஓட்டினார். இன்னொரு நாள் மேலப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். தொப்பி அணிந்த பெரியவர் ஒருவர் வெயிலில் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"அண்ணாச்சி, இது ஒங்க பர்ஸா?"

"என்னுது இல்ல."

"உள்ள லைசென்ஸ்ல ஒங்க போட்டாதான இருக்கு?"

அண்ணாச்சி கண்ணாடிக்குள் இருந்தபடியே உற்றுப் பார்த்தார். "மூஞ்சி என்னுதுதான். பர்ஸ் என்னுது இல்ல."

பெரியவர் "யா அல்லாஹ்" என்று பெருமூச்சு விட்டு, பர்ஸை வைப்பரில் செருகிவிட்டுப் போனார். அலுவலகம் வரும் வரை அது எங்கள் முன்னால் படபடத்துக்கொண்டே வந்தது.

டயர் விவகாரத்தில் மேலாளர் கொதித்துப் போயிருந்தார். "இனிமே வண்டிக்கோ உள்ள இருக்க தண்ணிக் கேனுக்கோ ஒரு சேதம் வந்தா, சாவிய மேசையில வச்சிட்டுப் போயிரும் வே." அன்று முழுக்க அண்ணாச்சி சாவியைப் பையில் போடவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

அந்த வாரமே, பரிசோதனைக்காக ஆற்றிலும் கிணறுகளிலும் எடுத்த தண்ணீர்க் கேன்களோடு சீவலப்பேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வேனின் பின்கதவுக் கொண்டி தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார். காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று அண்ணாச்சி அதைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்.

பாதி வழியில் பைக்கில் ஒரு ஆளும் அவர் மனைவியும் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தார்கள். வாய் அசைந்தது, கண்ணாடி வழியே ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. ஏதோ சொல்லுதாரு."

"சொல்லத்தான் செய்வான். பொம்பளையோட வந்தா நம்புவோம்னு நெனைக்கான். அந்தம்மா கையில பாத்தியளா, கேனு!"

"நம்ம கேன் மாதிரி இருக்கு."

"அதே மாதிரி பாத்து வாங்கியிருப்பான்."

அவர் இன்னும் வேகமாகப் போயிருப்பார். முன்னால் ஒரு வாத்துக் கூட்டம் சாலையைக் கடந்தது. அறுத்த வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் ஆற அமரப் போனது.

"வாத்த வுட்டு மறிக்கானுவ! பெரிய கும்பல்மா இது."

வேன் நின்றது. பைக் வந்தது. பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோ, அதில் எங்கள் கேன்கள். அதற்கும் பின்னால் டவுன் பஸ்ஸிலிருந்து நடத்துநர் ஒரு கேனைப் பச்சைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு இறங்கினார். அண்ணாச்சி பக்கக் கண்ணாடியில் பார்த்தார். கயிறு அறுந்து பின்கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்தது. கை தானாகச் சாவிக்குப் போனது.

ஒரு கேன்கூட உடையவில்லை. ஒன்றுகூடக் குறையவில்லை.

கண்ணாடியை நான்கு விரல் அளவுக்கு இறக்கினார். "எவ்வளவு வேணும்?"

"எதுக்கு வே?" என்றார் பைக்கில் வந்தவர்.

"இதைக் கொண்டாந்ததுக்கு."

அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "கோட்டிக்காரனா இவரு? ரூவாய்க்கா இம்புட்டுத் தூரம் தொரத்திட்டு வாரோம்? கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோச்சு. ஒரு வாய்த் தண்ணி இருந்தாக் குடும்."

வேன் நிறையத் தண்ணீர்தான். ஒன்றும் குடிக்கிற தண்ணீர் இல்லை. அண்ணாச்சி தன் பாட்டிலை எடுத்து நீட்டினார். நான்கு விரல் சந்தில் அது நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு பைய, கிரீச்சென்ற சத்தத்தோடு, கண்ணாடியை முழுதாக இறக்கினார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வேனுக்குள் காற்று வந்தது.

வேலை தப்பியது. அண்ணாச்சி திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாளே கண்ணாடி ஏறிவிட்டது. ஆனால் ஒரு புதுப் பழக்கம் மட்டும் வந்தது. எவராவது ஸ்டாண்டு எடுக்காமல் போவதைப் பார்த்தால், விடாமல் ஹாரன் அடித்துத் துரத்துவார். அவர்கள் பயந்து வேகமாகப் போவார்கள். அப்போது மட்டும் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "ஏலே, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று கத்துவார்.

மாலையில் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் அவர் வேன் வருகிற நாட்களில், தெருமுனை வரைக்கும் நான் ஸ்டாண்டு எடுக்காமலேயே போவேன்.