கீரைக்கு ஃபில்டர் தண்ணீர்

பூனா முழுக்கத் தேடினாலும் தண்ணீருக்குக் காய்ச்சல் பார்க்கிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் கட்கி ஏரியாவில் எங்கள் கட்டிடத்திலேயே, எனக்கு மேல்மாடியில் குடியிருந்தார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மீட்டர்காரர் என்றால் பால் போடுகிறவன்கூட வழி காட்டுவான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனி ஆள். போன வருஷம் மகள் வந்து ஹைதராபாத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே எந்தத் தண்ணீருக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ.

சட்டைப் பையில் பேனா மாதிரி ஒன்று வைத்திருப்பார். தண்ணீரில் விட்டால், அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று நம்பர் காட்டும். அதை அவர் விடாத இடம் இல்லை. டேங்கர் லாரி வந்தால் பக்கெட் வைத்தவர்களை எல்லாம் தள்ளிக்கொண்டு போய் முதலில் மீட்டரை விடுவார். கோயிலில் தீர்த்தம் வாங்கிய உள்ளங்கையிலேயே விட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து குருக்கள் அவரைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்தில் விட்டார். நம்பர் ஓடி ஓடி, கடைசியில் மீட்டரே கண்ணை மூடிக்கொண்டது. விசாரிக்க வந்த பெண்ணின் அம்மாவிடம், "இதுல ஒரு செடியும் பிழைக்காதும்மா" என்றார். அது புகழ்ச்சியா குறையா என்று அந்த அம்மாள் என்னிடம் வந்து கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

இத்தனையும் கீரைக்காக. பால்கனியில் வெள்ளை பைப்புகளை அடுக்கி, ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு செடி நட்டிருந்தார். ஒரு பிடி மண் கிடையாது. உள்ளே உரம் கரைத்த தண்ணீர் ஓடும், வேர் அதில் தொங்கும். குழாய்த் தண்ணீரில் கிருமி சாக மருந்து போடுகிறார்களே, அதை அப்படியே செடிக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் அவருடைய கவலை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

மருந்து வாசனை போகட்டும் என்று முதலில் மாடிப்படி ஓரமாகப் பக்கெட்டுகளில் தண்ணீரைப் பிடித்துத் திறந்துவைத்தார். கொசு பார்க்க வந்த ஆட்கள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, அவரையும் திட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் படி படியாக இறங்கி வந்து என் வாசல் கோலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. பின்னாலேயே அவரும் துக்க வீட்டு முகத்தோடு இறங்கி வந்தார்.

கோலத்துக்காகச் சண்டை போடத்தான் கதவைத் திறந்தேன். அவர் கண் என் தோளைத் தாண்டி, சமையலறைச் சுவரில் இருந்த ஃபில்டரில் போய் நின்றது.

"ஏக்கா, அந்த மெஷின்ல வார தண்ணி கொஞ்சம் தருவியளா?"

"குடிக்கவா?"

"இல்லக்கா, பாலக்குக்கு."

அந்த ஃபில்டர் ஜெர்மனியில் இருக்கிற என் மகன் மாட்டிவிட்டுப் போனது. அதில் வருகிற தண்ணீருக்கு ருசியே இல்லை. நான் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன். நான் தொடாததைக் கீரையாவது குடிக்கட்டும் என்று சரி சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கேனோடு வந்துவிடுவார். ஃபில்டரில் தண்ணீர் நூல் மாதிரிதான் இறங்கும். கேன் நிறைகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். நான் டீ போடுவேன். மீட்டர் டீக்குள் போவதற்குள் குடிக்கச் சொல்லி அதட்டுவேன். பேச்சு செடியில் ஆரம்பித்து, மகள் இந்த வாரமும் போன் பண்ணவில்லை என்பதில் வந்து நிற்கும்.

எனக்கும் நாள் முழுவதும் தமிழ் பேசக் கிடைத்தது அந்த நேரம்தான். கீழே இறங்கினால் இந்தி, எதிர்வீட்டில் மராத்தி. ஞாயிற்றுக்கிழமை போனில் என் பேத்தி பேசுவது என்ன பாஷை என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. அதற்காக யாரையும் வா, வந்து பேசு என்று கூப்பிடுகிறவள் இல்லை நான்.

நடுவில் ஒருநாள் செடியெல்லாம் வெளுக்கிறது என்று புலம்பினார். கொஞ்ச நாளில் தேறிவிட்டது என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹோலி சமயத்தில் பேரன் பிறந்தநாளுக்கு ஹைதராபாத் கிளம்பினார். என்னிடம் சாவியைக் கொடுத்து, பைப்பில் தண்ணீரைத் தள்ளுகிற மோட்டார் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், வேறு எதையும் தொடவேண்டாம் என்றார். போய்ப் பார்த்தேன். பால்கனியில் கொசுவலை கட்டிய பக்கெட்டுகள் நிறையக் குழாய்த் தண்ணீர். அவருடைய பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா எட்டிப் பார்த்துக் கதை முழுவதும் சொன்னாள். ஃபில்டர் தண்ணீரில் சத்தே இல்லை, அதனால்தான் செடி வெளுக்கிறது, குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்து ஊற்றினால் போதும் என்று உரக் கடைக்காரன் சொல்லிவிட்டானாம். தீபாவளியிலிருந்து அதைத்தான் ஊற்றுகிறாராம்.

அப்படியானால் தினமும் என் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகிற தண்ணீர்? சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்து வேப்ப மரத்துக்குப் போகிறது என்றாள். பூனாவில் எத்தனையோ பெரிய பங்களாக்கள் உண்டு. ஃபில்டர் தண்ணீர் குடித்த வேப்ப மரம் எங்கள் கேட்டில்தான் நின்றது.

என்னையா ஏமாற்றுவது என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வந்ததும் கேட்க வேண்டியதை வரிசையாக மனசில் அடுக்கினேன். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாட்களில் அந்தக் கோபத்தைத் தமிழில் சொல்லக்கூட ஆள் இல்லை. குக்கரிடம் சொன்னேன். அது விசிலடித்தது.

திரும்பி வந்த மறுநாள் காலையில் கேனோடு வாசலில் நின்றார். உள்ளே விட்டு, டீக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். கேனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மகள் வீட்டில் எல்லோரும் நன்றாகக் கவனித்தார்கள், பேசத்தான் யாருக்கும் நேரமில்லை என்றார். மீட்டரை எடுக்கவே இல்லை.

கேட்டுவிட்டால் என் ரோஷம் ஜெயிக்கும். நாளையிலிருந்து எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு அவர் இந்தப் படியில் இறங்குவார்?

"தம்பி, இந்தத் தண்ணி செடிக்குப் பத்துதா?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நூலாக விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நம்பித்தான் கெடக்குக்கா."

"அப்ப இன்னாத்துக்கு இத்தினூண்டு கேன எடுத்துகினு வரீங்க? நாளைக்குப் பெருசா ஒண்ணு எடுத்தாங்க."

மறுநாள் பெரிய கேன் வந்தது. அது நிறைவதற்குள் சாப்பாட்டு வேளையே வந்துவிட்டது. இரண்டு தட்டு வைத்தேன்.