பன்னிரண்டு கம்ப்யூட்டரும் ஒரு சௌந்தரராஜனும்

திரையில் சிவப்பு எழுத்து வந்து உட்கார்ந்தது. எட்டாம் வகுப்பு மொத்தமும் திரும்பி சௌந்தரராஜன் சாரைப் பார்த்தது.

"சார், எரர் வருது சார்."

"வரட்டும். ஏன் வந்துச்சுன்னு எல்லாரும் வீட்ல யோசிச்சுட்டு வாங்க. அதான் ஹோம்வொர்க்."

மணி அடித்தது. மனுஷன் தப்பித்தார்.

சௌந்தரராஜன் கணக்கு வாத்தியார். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "கம்ப்யூட்டர் யாருக்குத் தெரியும்?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டபோது, அந்த வகுப்பு எடுப்பவருக்குத் தேர்தல் வேலை கிடையாது என்று யாரோ காதைக் கடித்ததை நம்பிக் கையைத் தூக்கிவிட்டார். கோலார் மாவட்டத்து ஆண்டர்சன்பேட்டையில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மூன்று மாதம் கழித்து கோலாரிலிருந்து அதிகாரி வருவார். வகுப்பு அவருக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் அத்தனையும் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

"ரொம்ப ஈஸியான லாங்குவேஜாம் சார், சின்னப் பசங்களே கத்துக்குமாம்," என்றார் ஹெச்.எம். ஞானசுந்தரி. "கம்ப்யூட்டர் திரும்பிப் போச்சுன்னா நீங்களும் அதே வண்டியில ஏறிக்குங்க." சொன்னபோது அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

அதனால்தான் சார் அன்று சாயங்காலம் ஸ்டேஷன் டீக்கடையில் காத்திருந்தார். பெங்களூர் ரயிலிலிருந்து கழுத்தில் கம்பெனி கார்டோடு இறங்குகிற யாராக இருந்தாலும் சாஃப்ட்வேர் என்பது இந்த ஊர்க் கணக்கு. எரிக்கின் கழுத்தில் நீல நாடாவில் கார்டு தொங்கியது. பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை, ஊருக்குள்ளேயே பாலகாட் பக்கம் வீடு. டீக்கடைப் பழக்கத்தில் சாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்பானேன்?

"எரிக், ஒரு சின்ன டவுட்டு. தெரியாம கேக்கல, சரிபாக்கத்தான்."

எரரை எழுதி வைத்து சார் நீட்டிய நோட்டை எரிக் வாங்கினார். முதலில் நேராகப் பிடித்துப் பார்த்தார், பிறகு சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், நீங்க போயி என்னைக் கேக்கறீங்க?"

"உன் கம்பெனியில இதானேப்பா வேலை?"

எரிக் கார்டைப் பார்த்தார், கடையில் இருந்த நாலு பேரைப் பார்த்தார். "வீட்டுக்குப் போயி வாட்ஸ்அப்ல போடறேன் சார்," என்றார்.

எட்டு மணிக்குப் பதில் வந்தது: இரண்டாவது வரி நாலு இடம் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். சௌந்தரராஜனுக்கு ஆத்திரமாக வந்தது. வரி மார்ஜினை விட்டு நகர்ந்தால் மார்க் குறைப்பவர் அவர். கம்ப்யூட்டரிலும் பிள்ளைகளை அப்படியே பழக்கி வைத்திருந்தார்.

மறுநாள் அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி வகுப்பில் விளக்கினார். கடைசி பெஞ்சு மாயா, அவருக்குத் தைரியம் கொடுப்பதுபோல் தலையாட்டினாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. பகலில் எரர் வரும். பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க், சாயங்காலம் எரிக், எட்டு மணிக்குப் பதில். சாரின் புகழ் ஏறிக்கொண்டே போனது. அதுதான் வினையாகப் போயிற்று. பூரித்துப்போன ஞானசுந்தரி கோலாருக்கே போன் போட்டுவிட்டார்.

"மூணு மாசம் எதுக்கு, இந்த வெள்ளிக்கிழமையே வாங்க சார். எங்க வாத்தியாரை என்ன வேணும்னாலும் கேளுங்க."

வெள்ளிக்கிழமை அதிகாரி பிரதாப் வந்தார். பன்னிரண்டு திரையிலும் ஏழாம் வாய்ப்பாடு கடகடவென்று இறங்கியது. சார் மூச்சு விட்டார்.

"நல்லாயிருக்கு மேஷ்ட்ரே," என்றார் பிரதாப், கன்னடம் கலந்த தமிழில். "பசங்க சும்மா இருக்கட்டும். இதே வாய்ப்பாட்டை நீங்க தலைகீழா வர வைங்க. பத்துல ஆரம்பிச்சு ஒண்ணுல முடியணும்."

"அது... ஒரு நிமிஷம் சார், வீட்ல இருந்து போன்," என்று சௌந்தரராஜன் வராந்தாவுக்கு ஓடினார்.

"எரிக், மானம் போற அவசரம்ப்பா," என்று விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா சார், டூட்டி டைம்ல... சரி, ரெண்டு நிமிஷம் இருங்க, கேட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேட்டு?"

அதற்குள் லைன் போய்விட்டது.

சார் உள்ளே வந்தார். கீபோர்டைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிரதாப் வாட்சைப் பார்த்தார். ஞானசுந்தரி சாரையே பார்த்தார். கம்ப்யூட்டரை ஏற்ற வண்டி எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று சௌந்தரராஜன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆபீஸ் ரூமில் டெலிபோன் அடித்து நின்றது. ஆயா சம்பங்கி வேகமாக வந்து வாசலில் நின்றபடி கடைசி பெஞ்சைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மாயா, உங்கப்பா எரிக்கு ஆபீஸ் போன்ல கீறாரு. கம்பெனி கேன்டீன்ல அவரு போடற டீ கொதிச்சுனு கீதாம், வாய்ப்பாடு தலைகீழா வர்றதுக்கு இன்னா போடணும்னு, தினம் வீட்ல சொல்லிக் குடுக்கற மாதிரி சீக்கிரம் வந்து சொல்லுவியாம். உங்க சார் யாரோ ஆபீசர்கிட்ட மாட்டிக்கினு கீறாராம்."