மாமா அனுப்பிய தளபதி உடுப்பு

சேசு மரி சூசை துணை

மதிப்புக்குரிய சந்தியோகு அண்ணாவுக்கு,

மன்னாரிலிருந்து தங்கை லூசியா எழுதுவது. அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். கனடாவில் நீங்களும் மச்சாளும் சுகம் என்பதை நீங்கள் போடும் படங்களில் பார்த்துக்கொள்கிறோம். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக்குறி விழுகிறது, பதில் விழவில்லை. அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன்.

போன பெருநாளுக்கு என் மகள் டினோஜாவிடம் போனில், "மாமா உனக்குத் தாரகைத் தளபதி உடுப்பு அனுப்புறன் பிள்ளை" என்று வாய்நிறையச் சொன்னீர்கள். தளபதி வருகிற அந்த விண்வெளிப் படமென்றால் அவளுக்கு உயிர். உங்களை நம்பிக் கோயில் வினோத உடைப் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். பெட்டி வந்தது. அவள் பள்ளிக்கூடம் போன நேரம் திறந்தேன். மச்சாள் போட்டுக் கழித்த குளிர்கோட்டுகள், உங்கள் மழைச்சட்டை, சோடியில்லாத காலுறைகள். மன்னார் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு! கருவாட்டுக்குப் போர்த்தவா அனுப்பினீர்கள்? பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கூடப்பிறந்தவர் பிள்ளைக்கு முன்னால் பொய்யராகக் கூடாதென்று கத்தரிக்கோலை எடுத்தேன். மச்சாளின் சிவப்புக் கோட்டை வெட்டி முதுகுப் போர்வை, உங்கள் வெள்ளிநிற மழைச்சட்டையில் மார்புக் கவசம், என் மனுசன் றெனால்டின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டின் மேல் அந்தக் கோட்டின் கழுத்திலிருந்த சிவப்பு மயிரை நிமிர்த்தி ஒட்டிய கொண்டை, தளபதியின் ஒளித்தடிக்கு வள்ளத்துக் கம்பு. "மாமா அனுப்பினது, அளவுக்கு மட்டும் நான் பிடிச்சுத் தைச்சனான்" என்று கொடுத்தேன். அவள் துள்ளின துள்ளலை நீங்கள் பார்க்கவில்லை.

மேடையேறினாள். நடுவர் யாகப்பர் அண்ணாவியார், தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளை நாடகமாகப் போடுகிறவர், கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "அச்சொட்டு! ஆண்டவரை ஈட்டியால குத்தின உரோமைச் சேவகன்!" நம் ஊரில் சிவப்புப் போர்வையும் கம்புமாய் வருகிறவருக்கு வேறென்ன வேலை? அதை யோசிக்காமல் தைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல! "நான் தாரகைத் தளபதி!" என்று பிள்ளை கத்தக் கத்தக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு மனுசி, "குத்தின கை விளங்குமோ?" என்று வைதாள். முதற்பரிசு செபமாலை.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டை எறிந்தாள். "மாமா நல்லதாத்தான் அனுப்பியிருப்பார். நீங்கதான் கைவச்சுப் பழுதாக்கிப்போட்டீங்கள்." அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தைத்தவள் பாவி, கழித்ததை அனுப்பியவர் வள்ளல். இன்று பள்ளிக்கூடத்தால் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். இனி உங்கள் பழந்துணிப் பெட்டி என் படலைக்குள் வரக்கூடாது. வந்தால் கடலில் விடுவேன்.

மச்சாளுக்கு என் அன்பு, அவவின் கோட்டுக்கு என் அனுதாபம். மடுமாதா உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் வெட்கமும் தரட்டும்.

கூடப்பிறந்த பாவத்துக்கு,
லூசியா

பி.கு: கடிதத்தை ஒட்டுமுன், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்த கையோடு அண்ணாவியாரும் வந்துவிட்டார். தவக்காலத்துக்குச் சேவகர் எல்லோருக்கும் இதே உடுப்பு வேண்டுமாம். "பிள்ளை, படைக்கு நீதான் தளபதி" என்றதும் டினோஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மாமாட்டச் சொன்னா அனுப்புவார். அவர் சொன்னாச் செய்வார்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மச்சாளிடம் சிவப்புக் கோட்டுகள் இன்னும் இருந்தால் பெட்டியில் போடுங்கள். பிள்ளை எடுத்தால் மட்டுமாவது போனைத் தூக்குங்கள். தைத்தது நான் என்று மறந்தும் சொல்லிவிடாதீர்கள்.