வியாழக்கிழமை கோர்ட்

சாப்பாட்டு மேசையில் இருந்த எவர்சில்வர் மூடி திடீரென்று கடகடவென ஆட ஆரம்பித்ததும், பாக்கியநாதன் கையிலிருந்த ரொட்டியைக் காப்பிக்குள் போட்டுவிட்டார்.

மூடியின் மேல் மார்த்தாவின் கைப்பேசி இருந்தது. கைப்பேசி ஒரு பங்கு நடுங்க, மூடி மூன்று பங்கு கத்தியது. மார்த்தா குளித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தை நிறுத்தத்தான் அவர் கைப்பேசியைத் தூக்கினார். படிக்கிற எண்ணமே கிடையாது. ஆனால் எழுத்து பெரிதாக இருந்தது. அவர் கண்ணாடியும் போட்டிருந்தார்.

செய்தி சுஹானா என்ற பெயரில் வந்திருந்தது.

"வியாழக்கிழமை கோர்ட் கன்ஃபர்ம் ஆன்ட்டி. இனி உங்களுக்குத் துணை தேவையில்ல, தனியாவே சமாளிப்பீங்க. அங்கிள்கிட்ட சொல்லிட்டீங்களா?"

பாக்கியநாதன் கைப்பேசியை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே வைத்தார். காப்பிக்குள் ரொட்டி கரைந்து கூழாகிக்கொண்டிருந்தது. அவருக்கு அதைப் பார்க்கத் தன்னையே பார்ப்பது போலிருந்தது.

கோர்ட். தனியாகச் சமாளிப்பது. அங்கிளிடம் இன்னும் சொல்லாதது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மோட்டார் சைக்கிளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிற வழியெல்லாம் தன் குற்றத்தைத் தேடினார். குடி இல்லை. சூது இல்லை. கை நீட்டியதில்லை. வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடக் குடும்பம். மகன் பிரவின் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் சண்டைகூடக் கிடையாது. சண்டை போட முதலில் ஏதாவது பேசவேண்டுமே.

கேன்டீனில் கமாலுதீன் அவர் முகத்தைப் பார்த்தார். ஸ்டோர் பொறுப்பாளர், பழைய நண்பர்.

"என்ன லா, லைன் நின்னுபோச்சா?"

"மார்த்தா கோர்ட்டுக்குப் போறா. என்னை விட்டுட்டுப் போகப் போறா."

கமாலுதீன் நுரை ததும்பும் தே தாரேக் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணும் பண்ணல."

"அதான் லா பெரிய குத்தம். எங்க அண்ணனும் ஒண்ணும் பண்ணலன்னுதான் சொன்னாரு. இப்ப தனியா மீ நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."

"நேரா கேட்டுடட்டுமா?"

"கேட்காதே! கேட்டா 'ஆமா'ம்பா. அப்புறம் பேச என்ன இருக்கு? மனசை மாத்து. பூ வாங்கிட்டுப் போ."

அன்று மாலை பாக்கியநாதன் பசார் பக்கத்துப் பூக்கடையில் இருந்ததிலேயே பெரிய, இருந்ததிலேயே வெள்ளையான சாமந்திக் கொத்தை வாங்கினார். கடைக்காரச் சீன அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமலே விலையைக் குறைத்தார். கையைத் தொட்டு ஆறுதலும் சொன்னார். எவ்வளவு நல்ல மனுஷி என்று பாக்கியநாதன் நினைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்த மார்த்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "யாருங்க தவறிட்டாங்க?"

"யாரும் இல்ல. உனக்குத்தான்."

"எனக்கா?" வெள்ளைச் சாமந்தியை மேலும் கீழும் பார்த்தாள். "நான் இன்னும் உயிரோடதானே இருக்கேன்?"

மறுநாள் அந்தப் பூக்கள் பாக்கியநாதனின் அப்பா கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை அவர் வேறு வழியில் போனார். "வியாழக்கிழமை நான் லீவு போடறேன் மார்த்தா. பாலிக் புலாவுக்குப் போய் லக்சா சாப்பிட்டுட்டு, அப்படியே கடலைப் பார்த்துட்டு வரலாம்."

மார்த்தா துணி மடிப்பதை நிறுத்தினாள். "நீங்களா? என்னோடயா?"

"ஏன், நான் கூட்டிட்டுப் போகக்கூடாதா?"

"போன கிறிஸ்மஸுக்கு நான் கூப்பிட்டப்ப கால் வலின்னீங்க. அதுக்கு முந்தின வருஷம் மேட்ச்ன்னீங்க." சட்டையின் கையை மடித்தாள். "வியாழக்கிழமை எனக்கு முடியாது. வேலை இருக்கு."

"என்ன வேலை?"

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கேள்வி புதிதாக இருந்தது போல. "இருக்கு," என்றாள். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, "நீங்க எங்கயாவது கடன் கிடன் வாங்கிட்டீங்களா? பூவு, லக்சா... எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

புதன்கிழமை காலை கமாலுதீன் கடைசி ஆயுதத்தை எடுத்துக் கொடுத்தார். "நெஞ்சு வலின்னு சொல்லு. நெஞ்சு வலிக்காரனை எந்தப் பொம்பளையும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டா."

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் பாக்கியநாதன். மார்த்தா ஒரு தனியார் கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்ப்பவள் என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டார். அவர் போன் பண்ணிய வேகத்தில் அவள் வந்து, காடியின் பின் சீட்டில் தூக்கிப் போட்டு அதே கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள்.

"வலி எந்தப் பக்கம்?" என்றார் டாக்டர்.

"இந்தப் பக்கம் டாக்டர்."

"வரும்போது அந்தப் பக்கம்னு எழுதியிருக்கே?"

மார்த்தா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். டாக்டர் சொன்னார். இதயம் யானை மாதிரி இருக்கிறது, வயிறும் அதே மாதிரி இருக்கிறது, ரொட்டி சானாயை விடவேண்டும், தே தாரேக்கை விடவேண்டும், தினமும் உடம்பை அசைக்கவேண்டும்.

திரும்பி வரும்போது மார்த்தா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வழியில ரெண்டு சிவப்பு விளக்கைத் தாண்டிட்டேன். எதுக்குங்க இந்த நாடகம்?"

"நாடகம் இல்ல. வலிச்சுது."

"சரி. நாளைக்கு சாயங்காலம் நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் கோர்ட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

பசாருக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன் என்பது போலச் சொன்னாள். பாக்கியநாதனுக்கு இப்போது நிஜமாகவே நெஞ்சு வலித்தது, அதுவும் சரியான பக்கத்தில்.

"கோர்ட்டுக்கா?"

"ஆமா. மூணு மாசமா வியாழக்கிழமை வியாழக்கிழமை போறேன். உங்களுக்கு ஷிஃப்ட். உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேனே. ஒரு தடவை டிவில பந்து மேட்ச் ஓடிக்கிட்டிருந்துச்சு. இன்னொரு தடவை நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க, கண்ணைத் திறந்துகிட்டே. ரெண்டு தடவையும் 'ம்'னீங்க."

மூன்று மாதமாகக் கேஸ் நடந்திருக்கிறது. அவரும் 'ம்' என்று சம்மதம் சொல்லியிருக்கிறார். பாக்கியநாதன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். அவள் வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்? யோசித்துப் பார்த்தார். அவள் குரல் ஞாபகம் வந்தது. சொன்ன வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் கமாலுதீனுக்குப் போன் போட்டார்.

"சாயங்காலம் போறாளாம் லா. அப்பவும் கோர்ட் நடக்குமா?"

"கேஸ் அதிகம் லா இப்ப. ஓவர்டைம் பார்ப்பாங்க. நீயும் பின்னாலயே போ. நீதிபதி முன்னால கையெடுத்துக் கும்பிடு. ஆனா கைலியோட போயிடாதே. கோர்ட்டுக்குப் போறவன் கோட்டுப் போடணும்."

பிரவினின் பட்டமளிப்புக்குத் தைத்த கோட்டு அலமாரியில் இருந்தது. பொத்தான் எட்டவில்லை. டையைக் கட்டி, வயிற்றை அதைக்கொண்டு மறைத்துக்கொண்டார். மார்த்தாவின் காடி புறப்பட்டதும், மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தார்.

டவுன் பக்கம் போகவேண்டிய காடி எதிர்ப்பக்கம் திரும்பியது. முதலில் வக்கீல் வீட்டுக்குப் போகிறாள் போல என்று நினைத்தார். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கினால் காடியைத் தவறவிட்டுவிடுவோம் என்று நனைந்துகொண்டே போனார். கோட்டின் வால் இரண்டு பக்கமும் பறந்தது. சிக்னலில் பக்கத்தில் நின்ற லாரிக்காரர் அவரைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு வழி தெரியலையா அண்ணே?" என்று கேட்டார்.

தகரக் கூரை போட்ட பெரிய கிடங்கு ஒன்றின் முன்னால் காடி நின்றது. மார்த்தா ஒரு நீளப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பாக்கியநாதன் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார். கவுண்டரில் இருந்த பெண் கத்தினாள். "அங்கிள், சப்பாத்து! அந்தச் சப்பாத்தோட ஏறக்கூடாது!"

காலிலிருந்த சப்பாத்தை உதறிவிட்டு ஓடினார். உள்ளே பச்சைத் தரை, வெளிச்சம், வலைகள். அவர் எதையும் பார்க்கவில்லை. மார்த்தாவை மட்டும்தான் பார்த்தார். கூட்டம் முழுவதற்கும் கேட்கிற குரலில், மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"மார்த்தா! கோர்ட்டு வேணாம்மா! என்ன குறையா இருந்தாலும் என்கிட்ட சொல்லு. இந்தத் தடவை காதைக் குடுத்துக் கேட்கறேன். என்னைத் தனியா விட்டுடாதே!"

எல்லாப் பக்கமும் சத்தம் நின்றது. எங்கிருந்தோ ஒரு ஷட்டில் வந்து அவருடைய நனைந்த தோளில் விழுந்து, அங்கேயே ஒட்டிக்கொண்டது.

மார்த்தாவின் முகம் வெளுத்துவிட்டது. வலைக்கு அந்தப்பக்கம் நின்ற இளம்பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் இவளைப் பார்த்தாள். பிறகு, "நீங்க பேசுங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கவுண்டர் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

"யாருங்க உங்ககிட்ட சொன்னது?" மார்த்தாவின் குரல் உள்ளே போயிருந்தது.

"உன் போன்ல பார்த்தேன். வியாழக்கிழமை கோர்ட்டு, இனிமே துணை தேவையில்ல, தனியா சமாளிப்பேன்னு..."

மார்த்தா அவரையே பார்த்தாள். பிறகு தன் கையிலிருந்த மட்டையைப் பார்த்தாள். அதன் பிறகுதான் சிரிப்பு வந்தது.

"இதாங்க கோர்ட்டு! நீங்க நிக்கிறீங்களே, இதுதான்! பேட்மின்டன் கோர்ட்டு. ஜோடி சேர்ந்து ஆடிக்கிட்டிருந்தேன், இனி தனியா ஆடலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு!"

பாக்கியநாதன் கீழே பார்த்தார். பச்சைப் பாயில் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு நடுவே அவருடைய ஈரக் காலுறை.

"அப்ப... விவாகரத்து?"

மார்த்தா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. "கோட்டைக் கழட்டுங்க, சளி பிடிக்கும்," என்றாள்.

இளம்பெண் ஒரு மட்டையோடு திரும்பி வந்தாள். "அங்கிள், நான் சுஹானா. வந்ததுதான் வந்தீங்க, ரெண்டு அடி அடிச்சுட்டுப் போங்க."

பாக்கியநாதன் டையோடு, காலுறையோடு ஆடினார். முதல் அடி கூரைக்குப் போனது. இரண்டாவது பக்கத்துக் கோர்ட்டுக்குப் போனது. மூன்றாவதில் அவரே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எதிரே மார்த்தா தாவி, திரும்பி, கையை ஓங்கி அடித்தாள். அது அவர் காதோரம் விர்ரென்று போனது. இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது என்று ஒரு கணம் தோன்றியது. இவள் இப்படிச் சிரிப்பாள் என்றும் மறந்துபோயிருந்தது.

"அய்யோ, என் தலையைக் குறி வச்சு அடிக்கிறே!"

"மூணு மாசமா அதைத்தாங்க பழகிக்கிட்டிருக்கேன்!"

ஆட்டம் முடிந்து மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்தார். மார்த்தா தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போனாள். நாலு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த சுஹானாவிடம் அவருக்கு வாய் நிறையப் பேச்சு வந்தது.

"ஷிஃப்டை மாத்திக்கிறேன்மா. இனிமே நானும் அவளும் சேர்ந்தே வர்றோம்."

"வாங்க அங்கிள். நீங்க வந்து அப்படிச் சத்தம் போட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆன்ட்டி எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிட்டாங்கன்னு அப்பதான் புரிஞ்சது. எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

"என்கிட்ட மறைக்க அவளுக்கு என்ன இருக்கு?" பாக்கியநாதன் பெருமையாகக் காலை நீட்டினார். "வியாழன் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? திங்கக்கிழமையே வந்துடறோம்."

"திங்கக்கிழமை எனக்குக் கோர்ட் இருக்கு அங்கிள்."

"அதைத்தான்மா நானும் சொல்றேன். நாங்களும் அதுக்கே வர்றோம்."

சுஹானா பதறிப்போய்க் கையை ஆட்டினாள். "ஐயோ, அங்க வந்துடாதீங்க அங்கிள், அது லைட் ஸ்ட்ரீட்ல ஜட்ஜ் முன்னால நிக்கிற கோர்ட்! நான் லாயராச்சே. மூணு மாசம் முன்னாடி ஆன்ட்டி என் ஆபீசுக்கு வந்தது அந்தக் கோர்ட்டுக்குத்தானே. 'அது எங்கயும் ஓடிடாது ஆன்ட்டி, முதல்ல என்னோட இந்தக் கோர்ட்டுக்கு வாங்க'ன்னு நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."