வேங்கையப்பனுக்குப் போட்ட பசி ஊசி

ஒரு காட்டில் நடந்ததாகச் சொல்கிறார்கள். சொல்கிறவனுக்கே பல வருஷமாக இதில் சந்தேகம். புலி டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்காருமா? உட்கார்ந்தது என்று சாதிக்கிறார் டாக்டர் உடும்பு. அவர் சொன்னதுதான் இது.

அந்தக் காட்டுக்கு ஒரே குளம். அதன் கரையிலேயே படுத்துக் கிடந்தான் வேங்கையப்பன் என்ற புலி. தாகத்துக்கு வந்தவர்களை எட்டிப் பிடித்துத் தின்று தின்று வயிறு தரையைத் தொட்டுவிட்டது. இரண்டடி ஓட முடியாது. ஓட வேண்டிய தேவையும் இல்லை. மான் கூட்டத்தின் தலைவி மருதாயிக்கோ ஒரு வாய் தண்ணீர் குடிப்பதே உயிர்ப் போராட்டம். இவனுக்குப் பசி குறைந்தால்தான் நமக்கு விடிவு என்று நினைத்தவள், தள்ளி நின்று பேச்சுக் கொடுத்தாள்.

"அண்ணே, படுத்திருக்கும்போதே இப்படி மூச்சு வாங்குதே! டாக்டரைப் பார்க்கக் கூடாதா?"

புலிக்கும் உள்ளூரப் பயம்தான். மறுநாள் வரிசையில் முயலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். "நீங்களே முன்னால போங்கண்ணே, எனக்கு இப்ப காய்ச்சலே இல்ல" என்று முயல் பறந்துவிட்டது.

உடும்பு வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "சாப்பிட்டதும் குடல் ஒரு ஹார்மோனைச் சுரந்து, 'போதும்'னு மூளைக்குச் சேதி அனுப்பும். உங்க மூளை அதைக் காதுலயே போட்டுக்கல. அதே சேதியை ஊசியில ஏத்தி நான் உரக்கச் சொல்றேன். வாரம் ஒண்ணு."

முள்ளம்பன்றி முள்தான் ஊசி. மருந்து பலித்தது. மருதாயி குளத்தில் முழங்கால்வரை இறங்கி நின்றுகொண்டு, "என்னண்ணே, ஒரு தொடை தரட்டுமா?" என்று கேலி செய்தாள்.

"பேரைச் சொல்லாதே தாயி. முந்தாநாள் தின்ன காடையே இன்னும் நெஞ்சுல நிக்குது."

ஊசி மட்டும் போதாது, ஓடவும் வேண்டும் என்றார் டாக்டர். மான்களே கூட்டிக்கொண்டு போயின. "முன்னங்காலை நல்லா நீட்டுங்கண்ணே! வளைவுல வாலைத் திருப்புங்க!" என்று மருதாயி மனமாரச் சொல்லிக்கொடுத்தாள்.

தொப்பை கரைந்த புலியைக் காடே மெச்சியது. கூடவே இளைத்துப்போன இன்னொருவரை யாரும் கவனிக்கவில்லை. புலி தின்று மிச்சம் வைத்ததைத் தின்றே பிழைத்தவர் டாக்டர் உடும்பு.

ஒரு வாரம் அவர் கையை விரித்தார். "மருந்து ஸ்டாக் இல்லையே."

ஓட்டத்தின் நடுவில் பசி திரும்பி வந்தது. மருதாயி திரும்பிப் பார்த்தாள். வேங்கையப்பன் முன்னங்காலை நன்றாக நீட்டி வந்துகொண்டிருந்தான். அவள் தப்பித்தாள். அவளுடைய கொழுந்தன் தப்பவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு உடும்பு ஏப்பம் விட்டார். சொல்கிறவன் கடைசியில் கேட்டேவிட்டான்:

"டாக்டர், அன்னிக்கு மருந்து நிஜமாவே தீர்ந்துபோச்சா?"

நீதி: பகைவனை வைத்தியரிடம் அனுப்புமுன், வைத்தியர் சைவமா என்று விசாரித்துக்கொள்.