பின்சீட்டுச் சாவித்துளை

கார் கிளம்பச் சாவி வேண்டும். சாவிக்குத் துளை வேண்டும். துளைக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைத் தீர்மானிக்க ஓர் அதிகாரி வேண்டும். இதை எவரும் மறுக்க இயலாது. ஆகவே அந்தக் கார் நிறுவனத்தில் 'சாவித்துளை அமைவிடப் பிரிவு' என்று ஒன்று இயங்கியதும், அதற்கொரு மேலாளர் இருந்ததும் முற்றிலும் முறையே.

மேலாளர் நல்ல மனிதர். ஸ்டியரிங்குக்கு வலப்புறம் துளையிட்டே காலத்தை ஓட்டியவர். புதிய காருக்கும் அதே இடத்தைக் குறித்துக்கொண்டு போனபோது நிறுவனத் தலைவர் சீறினார்.

"என்னய்யா இது? எதிர்க் கம்பெனிக்காரனும் இங்கதானே வெச்சிருக்கான்?"

"கைக்கு வாட்டமா இருக்கும் சார்."

"வாட்டம் யாருக்குய்யா வேணும்? உலகத்துல எவனும் வெக்காத இடமாப் பாரு. திங்கக்கிழமையும் இதையே சொன்னா, நேரா வைப்பர் பிரிவுக்குப் போயிடு."

வைப்பர் பிரிவு அடித்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே போனவர்கள் ஓய்வு பெற்றுத்தான் வெளிச்சத்துக்கு வந்தார்கள். மேலாளர் அன்றே உலகத்துக் கார்களின் படங்களையெல்லாம் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தேடினார். இடப்புறத்தை வெளிநாட்டுப் பந்தயக் கார் செய்பவர் ஒருவர் பிடித்துவிட்டிருந்தார்: அவர் நாட்டில் கியர் வலக்கைப் பக்கம்; இடக்கை சாவியைத் திருகும்போதே வலக்கை கியர் போடலாமாம். இருக்கைகளின் நடுவே இன்னொருவர்: விபத்தில் சாவி முழங்காலைப் பதம் பார்க்காதாம். சாவியே வேண்டாம், பொத்தான் போதும் என்றவர்கள் மீதியை வளைத்திருந்தார்கள். காரணம் உள்ளவர்கள் எல்லாரும் முந்திக்கொண்டதால், இவருக்குக் காரணமில்லாத இடங்களே மிஞ்சின.

ஞாயிறன்று மனைவியிடம் புலம்பினார்.

"ஓட்டறவன் கைக்கு எட்டற இடமெல்லாம் போச்சும்மா."

"அப்ப எட்டாத இடத்துல வைங்க. பின்சீட்டு சும்மாத்தானே கெடக்கு?" என்றார் அவர், துணி மடித்தபடியே.

அம்மையார் சொன்னது கேலிக்கு. மேலாளரோ பரவசத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

திங்களன்று தலைவர் முன் நிமிர்ந்து நின்றார்.

"சார், காரோட சொந்தக்காரர் எங்க உக்காருவார்?"

"பின்னாடி."

"ஓட்டறவர்?"

"முன்னாடி. சம்பளத்துக்கு."

"அப்ப வண்டியக் கிளப்பற அதிகாரம் யார் கையில இருக்கணும்?"

தலைவரின் கண்கள் பனித்தன. "இத்தனை வருஷமா ஒருத்தனுக்கும் தோணலையேய்யா!"

பாதுகாப்பு அதிகாரி மட்டும் செருமினார். "சொந்தமா ஓட்டறவங்க என்ன பண்ணுவாங்க?"

"பின்னாடி ஏறிக் கிளப்பிட்டு, இறங்கி முன்னாடி வரட்டும். உடம்புக்கு நல்லது" என்றார் தலைவர்.

"அதுக்குள்ள வண்டி நகந்துட்டா?"

"கூடவே ஓடட்டும். அது இன்னும் நல்லது."

கார் வெளிவந்தது. சிக்னலில் நின்றால், பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சின் தானே அணையும். கோட்டு அணிந்த கனவான் இறங்குவார். பின்கதவைத் திறந்து, தலையை நுழைத்துச் சாவியைத் திருகிவிட்டு, முன்னே ஓடுவார். பின்னால் நின்றவர்கள் முதலில் ஹாரன் அடித்தார்கள். பிறகு வேடிக்கை பார்த்தார்கள். பிறகு விலை கேட்டார்கள். மற்ற நிறுவனங்களும் துளையைப் பின்னுக்கு நகர்த்தின. முன்னால் சாவி போடுகிறவர்களை உறவினர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஒரு மழை நாளில், சிக்னலில் வரிசையாக எல்லாரும் இறங்கி நனைவதை மேலாளர் கண்டார். நெஞ்சு உறுத்தியது. வேலை போனாலும் போகட்டும் என்று, பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்றவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். இது நான் பண்ணின கூத்து. அடுத்த கார்ல முன்னாடியே வெக்கச் சொல்லிடறேன்."

நனைந்தவர் அதிர்ந்தார். "ஐயையோ, கெடுத்துடாதீங்க! ஓட்டும்போது எவன் பாக்கறான்? இப்படி இறங்கி ஏறினாத்தானே நம்மகிட்ட புதுக் கார் இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியும்?"

சுற்றிலும் நனைந்துகொண்டிருந்த தலைகள் ஆமோதித்து ஆடின.

தம் உத்தியோகத்துக்கு இனி ஒரு நாளும் ஆபத்தில்லை என்பது மேலாளருக்கு அன்றுதான் தெளிந்தது. அன்பர்களே, அந்த நிறுவனத்தைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அதை வாழவைத்த பெருமக்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை ஒரு முறை எட்டிப் பாருங்கள், போதும்.