வாசல்காரர் டாயலின் குட்டித் துப்பாக்கி

சீடார் கிரீக், ஒக்லஹோமா
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட காலை

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் கோல்பிக்கு,

மாமா டாயல் சுகமாகவும், உன் அத்தை ஒலீட்டா என்னைவிடக் கொஞ்சம் அதிகச் சுகமாகவும் இருந்துகொண்டு எழுதுவது. உன் அம்மாவின் முட்டிவலிக்காக நானே முழங்காலில் நின்று ஜெபித்தேன். அந்த நிமிஷமே குறைந்திருக்கும், விசாரித்து எழுது.

நீ உன் துப்பாக்கிக் கடையில் எடுத்துக் கொடுத்த புதுக் கைத்துப்பாக்கி கைக்கு எப்படி இருக்கிறது, இரண்டு வரி எழுதுங்கள் மாமா என்று கேட்டிருந்தாய். கேட்டது சரி. இந்த வட்டாரத்தில் துப்பாக்கி விஷயத்தில் என்னைக் கேட்காமல் யாரும் தும்முவதில்லை. ஆனால் இரண்டு வரியில் அடங்குகிற ஆளா நான்? பள்ளிக்கூடமே என்னை அடக்க முடியாமல் எட்டாம் வகுப்போடு கைவிட்டுவிட்டது.

முதலில் இது ஏன் வாங்க வேண்டி வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் லாய்ட் சொல்வதை நம்பிவிடுவாய். நம் சபையின் வாசல் காவலுக்குத் தலைவர் என்று சொல்லிக்கொண்டு திரிகிற அதே லாய்ட்தான். நீ தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்த வாசலில் நிற்பவன் நான். வருகிறவர்களுக்கு முதல் கைகுலுக்கல் என்னுடையது, முதல் டோநட்டும் என்னுடையது, போதகர்கூட என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பிரசங்கத்தை ஆரம்பிப்பார். இடுப்பில் அப்பா வைத்துவிட்டுப் போன பெரிய ரிவால்வர், அதன் கனம் நம் டிராக்டர் எஞ்சினுக்கு ஒரு பிடி குறைவு. குருத்தோலை ஞாயிறன்று காணிக்கைத் தட்டை வாங்கக் குனிந்தேன். ரிவால்வர் தரையைப் பார்த்துப் புறப்பட்டது, பெல்ட்டும் கூடவே போனது, பெல்ட்டை நம்பியிருந்த பேண்ட்டும் போனது. முன்வரிசைக்காரர்கள் மட்டும்தான் பார்த்தார்கள். பாடகர் குழு எதிரே நின்றது உண்மைதான், ஆனால் அவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஏன் பாதியில் நின்றது என்பது எனக்குத் தெரியாது.

மறுநாளே லாய்ட் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"டாயல், இனிமே வாசல்ல நிக்கிறவன் சட்டைக்குள்ள அடங்குற சின்னத் துப்பாக்கிதான் வெச்சிருக்கணும். சனிக்கிழமை என் மேய்ச்சல் நிலத்துல எல்லாருக்கும் சோதனை. வைக்கோல் கட்டுல காகிதத் தட்டு ஒண்ணு குத்தி வெப்பேன். சுட்டா அதுல விழணும். விழலைன்னா கார் நிறுத்துற இடத்துல குடை பிடிக்கிற வேலை காலியாத்தான் இருக்கு."

"குடையா? நானா?"

"ஆமாப்பா, அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. குடைக்கு ரெண்டு கையும் வேணும். அப்புறம் பேண்ட்டை யாரு பிடிக்கிறது?"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். கோல்பி, அந்த வாசல் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதற்கு? உள்ளே உட்கார்ந்தால் நானும் மற்றவர்களைப் போலப் பிரசங்கம் கேட்க வேண்டியதுதான். அதனால்தான் உன் கடைக்கு வந்தேன்.

இனி நீ கேட்ட விஷயம். பெட்டியைத் திறந்தேன். ஒரு சாண்ட்விச் அளவு. சட்டைப்பையில் போட்டால் மூக்குக்கண்ணாடியா துப்பாக்கியா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். கையில் பிடித்தால் இரண்டு விரல் வசதியாக உட்கார்ந்தது, சுண்டுவிரலுக்கு இடமில்லை, கல்யாண வீட்டில் நாற்காலி கிடைக்காத மாமன் மாதிரி அது அந்தரத்தில் நின்றது. ரிவால்வரில் கட்டைவிரலால் இழுக்கக் குதிரை ஒன்று இருக்குமே, அது இதில் இல்லை. என் கட்டைவிரல் அதைத் தேடித் தேடி அலுத்துப்போனது. பரவாயில்லை, விசை வெண்ணெய் மாதிரி, குறிபார்க்க முனையில் வைத்திருக்கிற குறிப்புள்ளி இருட்டிலும் மின்னுகிறது.

மேலே இருக்கிற இரும்பு மூடிதான் பிடிவாதம். அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா ஏறும் என்றாயே, நான் இழுத்தேன், அது வரவில்லை. குண்டு இல்லாமல்தான், பயப்படாதே. நின்று இழுத்தேன், உட்கார்ந்து இழுத்தேன், குளிர்பதனப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டும் இழுத்தேன், பெட்டிதான் நகர்ந்தது. நல்ல பொருள் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அத்தை பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, குடுங்க இங்க."

"இது பொம்பளைங்க விஷயமில்ல, ஒலீட்டா."

"நீங்க மூடியைப் பிடிச்சு இழுக்கிறீங்க. மூடியை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, கைப்பிடியை முன்னால தள்ளணும். பீச் ஜாம் பாட்டில் திறக்கிறதில்லையா, அந்த மாதிரி."

மாவுக் கையோடு தள்ளினாள். சடக்கென்று திறந்தது. தோட்டா இல்லாத உள்ளறையை எனக்குக் காட்டிவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தாள். நான் இழுத்து இழுத்து இளக்கி வைத்திருந்தேன், அதனால்தான் வந்தது என்று விளக்கிச் சொன்னேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு மாவுக்குத் திரும்பிவிட்டாள். அந்தச் "சரிங்க" எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை அவளும் கூட வந்தாள், துப்பாக்கியைத் தயார் செய்துதர ஒரு ஆள் வேண்டுமல்லவா. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் உதவியாள் உண்டு. லாய்டின் மாடுகள் வேலி ஓரம் வந்து நின்றன, என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும். ரிவால்வரைப் பிடிக்கிற பழக்கத்தில் இடது கட்டைவிரலைப் பின்னால் குறுக்கே மடித்துக்கொண்டு சுட்டேன். அந்த மூடி பாய்ந்து பின்னால் வந்து விரலைக் கடித்துவிட்டது. கடித்தது என்றால் ஒரு செல்லக் கடி, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். விடாமல் மீதியையும் சுட்டு முடித்தேன். எல்லாம் ஒரே இடத்தில் போய் விழுந்தன. அந்த இடத்தில் தட்டு இல்லை, அது தட்டை வைத்தவர் குற்றம். இயேசுவைப் பிடிக்க வந்தவன்மேல் பேதுரு அப்போஸ்தலரே பட்டயத்தை உருவி வீசினார், போனது காது மட்டும்தானே?

லாய்ட் தட்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "டாயல், இதுல இன்னும் சோறு வெச்சுச் சாப்பிடலாம்ப்பா."

"துப்பாக்கியிலதான் கோளாறு" என்றேன். "குறிப்புள்ளி கோணலா இருக்கு. வேணும்னா ஒலீட்டா சுடட்டும். அவ பொறந்ததுலேர்ந்து துப்பாக்கி சுட்டதில்ல. அவளும் தப்பவிட்டா, குத்தம் துப்பாக்கி மேலதான்னு ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கிறேன். அவ அடிச்சுட்டா?"

"அடிச்சா வாசலை அவளுக்கே குடுங்க!"

கோல்பி, என் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. அவள் கைப்பையை என்னிடம் கொடுத்தாள், காதடைப்பானை மாட்டிக்கொண்டாள், லாய்ட் சொன்னபடி நின்றாள், சுட்டாள். தட்டின் நடுவில் இருந்த பூப்படம் காணாமல் போனது. மாடு ஒன்று கத்தியது.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு டாயல்" என்றார் லாய்ட்.

ஆக, உன் கேள்விக்கு என் பதில்: அருமையான துப்பாக்கி, கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் விற்கலாம். வாசல் நம் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. நான் இப்போது கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்கிறேன், யோசித்துப் பார்த்தால் அதுதான் பெரிய பதவி, வாசலுக்குப் போகிறவன் முதலில் என்னைத் தாண்டித்தானே போக வேண்டும்? பழைய ரிவால்வரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அந்த நினைப்பே இல்லை. மனசு அமைதியாக இருக்கிறது.

உன் கல்லாவும் களஞ்சியமும் நிரம்பவும், உனக்கு வாய்க்கிறவள் ஜாம் பாட்டில் திறக்கத் தெரியாதவளாக இருக்கவும் ஜெபிக்கிற,

உன் மாமா
டாயல்

பின்குறிப்பு: போன ஞாயிறு இங்கே நல்ல மழை. லாய்ட் உனக்கு போன் செய்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மழைக்கோட்டுக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று அந்த ரிவால்வரை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் போனேன். வெறும் குடையோடு போய் நிற்க மனசு வரவில்லையடா. போதகரின் மாமியாரைக் குடைக்குள் அழைத்து வரும்போது, வாசலுக்கு நாலடி முன்னால், பெல்ட் போனது. காற்றடித்த அடியில் குடையை விட முடியவில்லை, விட்டால் கிழவி நனைந்துவிடுவாள். இரண்டு கையாலும் குடையைப் பிடித்துக்கொண்டு பேண்ட் போனபடி போகட்டும் என்று கொண்டுவந்து சேர்த்தேன். ஒலீட்டா கதவை அகலத் திறந்து பிடித்தாள், கிழவிக்குக் கை கொடுத்து உள்ளே அனுப்பினாள், அப்புறம் எனக்கும் கை நீட்டி, "வாங்க சார், நம்ம சபைக்குப் புதுசா?" என்றாள். டோநட் ஒன்று எடுத்து வைத்திருந்தாள். முதல் டோநட். உன் கடையில் பேண்ட்டைத் தோளோடு இழுத்துப் பிடிக்கிற தோள்வார் இருந்தால் ஒரு ஜோடி அனுப்பு, நல்ல கெட்டியாகப் பார்த்து.